ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் உரிவது அமில மழையாலா?

தொழிற்சாலைக்குப் பக்கத்து வீடு என்பதால், இரண்டே வருடத்தில் ஜன்னல் சட்டம் கெட்டதற்கு அமில மழைதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்பகுதியில் வெள்ளை மாவு, கீழ்மூலையில் பெயின்ட் உரிதல் என்று நீங்கள் சொன்ன இரண்டு அடையாளங்களுக்கும் காரணம் வேறு வேறு.

மேல்பகுதியைத் தொட்டால் வெள்ளை மாவு ஒட்டுவது முக்கியமாக வெயிலின் வேலை. பெயின்டைப் பிடித்து வைக்கும் பிசினைப் புற ஊதாக் கதிர் சிதைக்க, நிறமித்தூள் பிடிப்பில்லாமல் வெளியே வந்துவிடுகிறது. சாதாரண மழையின் பிஎச் அளவே (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) சுமார் 5.6. அது 4-ஐ ஒட்டி இறங்கினால், பெயின்டில் நிரப்பியாகச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட் கரைந்து தேய்மானம் வேகமாகும். அமிலத்தின் பங்கு பெரும்பாலும் அவ்வளவுதான்.

கீழ்மூலையில் தோலாக உரிவதற்குக் காரணம், மூட்டு வழியாக மரத்துக்குள் போன தண்ணீர். உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சாம்பல்நிற நார் ஒட்டியிருந்தால், வெயிலில் நைந்த மரத்தின் மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

தயவுசெய்து பழைய பெயின்டின் மேலேயே இன்னொரு கோட் அடிக்காதீர்கள். மாவைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். காய்ந்ததும் தளர்ந்ததைச் சுரண்டி, 80, பிறகு 120 எண் உப்புத்தாளால் புது மரம் தெரியும்வரை தேயுங்கள். (அடியில் பழங்காலப் பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கலாம், முதலில் சோதியுங்கள், உலர்வாகத் தேய்க்க வேண்டாம்.) மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் உடனே பிரைமர் அடியுங்கள், வெறும் மரம் இரண்டு வாரம் வெயிலில் கிடந்தாலே பிடிப்பு குறையும். அறுத்த முனைகள் தண்ணீரை உறிஞ்சுபவை, அங்கே மட்டும் பிரைமர் இரண்டு முறை. மூட்டு இடுக்கைப் பெயின்ட் ஏற்கும் சீலன்டால் அடைத்து, மேலே முழு அக்ரிலிக் வெளிப்புறப் பெயின்ட் இரண்டு கோட் கொடுங்கள்.