நீலகிரிப் பழங்குடிகளின் பண்பாட்டை மேலோட்டமாக இல்லாமல் புரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்கலாம்?

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் வாழ்கிறார்கள். இரண்டு நாள் பயணத்தில் ஆறு பேரையும் பார்த்துவிட நினைப்பதுதான் முதல் தவறு. கடைசியில் கையில் புகைப்படம் மட்டும் மிஞ்சும். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யார், எதைக் கொண்டு, யாருக்காகச் செய்தார்கள் என்று தேடிக்கொண்டே போங்கள்.

தோடர்களின் பூத்துக்குளியில் தொடங்குவது நல்லது. சொரசொரப்பான வெள்ளைப் பருத்திப் போர்வை அது. சிவப்பு, கறுப்புப் பட்டைகள் நெசவிலேயே வந்துவிடும். அந்தப் பட்டைகளை ஒட்டித்தான் பெண்கள் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்கிறார்கள். வரைபடம் கிடையாது, சட்டகம் கிடையாது. துணியின் ஊடும் பாவுமான இழைகளை விரலால் எண்ணியே ஊசியைச் செலுத்த வேண்டும். எண்ணிக்கை ஓர் இழை தப்பினாலும் வடிவம் சாய்ந்துவிடும், பிரித்துத்தான் திரும்பத் தைக்க வேண்டும். நூலை இறுக்கி இழுக்காமல் லேசாகப் புடைக்க விடுவதால்தான் தொட்டால் மேடு தட்டுப்படுகிறது. இறந்தவரின் உடலையும் பூத்துக்குளியில்தான் சுற்றுகிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, கடையில் அதை வெறும் சால்வையாகப் பார்க்க மனம் வராது.

இந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் இயந்திரத்தில் தைத்தவையும் அச்சடித்தவையும் அதே பெயரில் விற்பனைக்கு வரலாம். துணியைத் திருப்பிப் பாருங்கள். கைவேலை இரு பக்கமும் உடுத்தத் தக்கதாக இருக்கும். அச்சடித்தது பின்புறம் மங்கியிருக்கும். இயந்திரத் தையலில் வேறு நிற அடிநூல் தெரியலாம், விறைப்புக்காக வைத்த தாள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். முடிந்தவரை தைத்த பெண்களிடமோ அவர்களின் கூட்டமைப்புகளிடமோ வாங்குங்கள், பேரம் வேண்டாம். ஒரு போர்வைக்குப் பின்னால் பல வார உழைப்பு இருக்கிறது.

அடுத்து, இவர்கள் ஒருவரோடொருவர் எப்படி வாழ்ந்தார்கள் என்று பாருங்கள். என்னைக் கேட்டால் மிகவும் முக்கியமானது இதுதான். தோடர் எருமை வளர்த்து நெய்யும் பாலும் தந்தார்கள். கோத்தர் மண்பானையும் இரும்புக் கருவிகளும் செய்துகொடுத்தார்கள், பிறர் வீட்டுச் சாவுக்கும் இசைத்தார்கள். குறும்பர் தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தார்கள். இந்த ஆறு பழங்குடிகளில் சேராத, மலையில் உழவு செய்த படகர் தானியம் கொடுத்தார்கள். பணம் பெரிதாகப் புழங்காத இந்தக் கொடுக்கல் வாங்கல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தளர்ந்துபோனது. குறும்பரை 'மந்திரவாதிகள்' என்று ஒற்றை வரியில் முடிக்கும் குறிப்புகளை நம்பிவிடாதீர்கள். சடங்கு செய்து தீங்கிலிருந்து காக்க அவர்களை அழைத்த அதே சமூகங்கள் அவர்களைக் கண்டு அஞ்சவும் செய்தன. சூனியம் வைத்ததாகப் பழி சுமத்தி, 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்களைக் கொன்ற நிகழ்வுகளும் உண்டு.

இதையெல்லாம் ஓரிடத்தில் பொருளாகப் பார்க்க, உதகை அருகே எம்.பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பூத்துக்குளி, பானை, கருவி என்று நீங்கள் படித்துவிட்டு வந்தவற்றை மட்டும் தேடிப் பாருங்கள், போதும்.

மந்து எனப்படும் தோடர் குடியிருப்புக்குப் போவதானால், அங்கு வாழ்பவர் ஒருவர் அழைத்துச் சென்றால் மட்டுமே போங்கள். அரைவட்டக் கூரையும் குனிந்து நுழையும் சிறு வாசலும் கொண்ட கட்டடத்தைக் கண்டதும் எட்டிப் பார்க்கத் தோன்றும். அது கோயிலாக இருக்கலாம். தோடர் கோயில் என்பது பூசாரி எருமைப்பால் கடையும் புனிதப் பால்மனையும்கூட. அதில் வெளியாருக்கு அனுமதி இல்லை, தோடப் பெண்களும் நுழைவதில்லை. சுற்றியுள்ள கல்மதிலுக்கு வெளியே நின்றுகொள்ளுங்கள். மேயும் எருமைகளை நெருங்க வேண்டாம். முன்பின் தெரியாதவரைக் கண்டால் அவை மிரண்டு பாயும்.

மொழி விஷயத்தில் ஒன்று. தோட மொழியும் கோத்த மொழியும் தனித் திராவிட மொழிகள், தமிழின் கொச்சை வழக்கு அல்ல. தோட மொழியில் தமிழ்க்காதுக்குப் பழக்கமில்லாத உரசொலிகள், அதாவது காற்று உரசி எழும் ஒலிகள், நிறைய உண்டு. நாம் எழுதும் பெயர்கள் அவர்கள் உச்சரிப்பதற்குத் தொலைவிலேயே நிற்கும். ஆகவே ஊர்ப்பெயரையோ பொருளின் பெயரையோ எழுதுமுன் அவர்கள் வாயால் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் திருப்பிச் சொல்லும்போது அவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள்.