ஜன்னலை விட்டுக்கொடுக்காதீர்கள்

கேள்வி: டிசம்பர் கடைசியில் மகளைப் பார்க்க ஸ்டாக்ஹோம் போகிறோம். அவள் இருப்பது ஒற்றை அறை. அதனால் எங்களுக்குப் பத்து நாளும் ஹோட்டல்தான். ஜன்னல் இல்லாத அறை என்றால் வாடகை நன்றாகக் குறைகிறது. அங்கே அப்போது இருட்டுதானே, ஜன்னல் எதற்கு?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஜன்னல் என்று எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. போன மாதம் நான் அப்படி எழுதியதற்கு, சாளரம் என்று எழுதக் கூடாதா என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். போர்த்துக்கீசியரின் 'ஜனேலா' நம் வீட்டுச் சுவரில் பதிந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. அதைப் பெயர்த்தெடுக்க நான் வர மாட்டேன். எனக்கு ஏக்கமெல்லாம் காலதர் என்ற சொல்மேல்தான். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி! நீங்கள் போகிற வடக்கிலும் இதே கதை. அந்த வட நாடுகளின் பழைய மொழியான நார்ஸில் ஜன்னலுக்குப் பெயர் 'விண்டௌகா', காற்றின் கண். ஆங்கில 'விண்டோ' அங்கிருந்து போனதுதான். டென்மார்க்கிலும் நார்வேயிலும் அந்தச் சொல் இன்னும் புழங்குகிறது. சுவீடன்காரர்கள் நம்மைப் போலவே அதைக் கைவிட்டு, லத்தீனிலிருந்து ஜெர்மன் வழியாக வந்த 'ஃபொன்ஸ்தெர்' என்பதை எடுத்துக்கொண்டார்கள். அறை பதிவு செய்யும்போது 'உத்தான் ஃபொன்ஸ்தெர்' என்று கண்ணில் பட்டால், ஜன்னல் கிடையாது என்று அர்த்தம். அந்த அறை வேண்டாம்.

இருட்டு என்கிறீர்கள். உண்மைதான். காலை எட்டே முக்காலுக்குத்தான் விடியும், பிற்பகல் மூன்று மணிக்குள் சூரியன் போய்விடும். கிடைப்பதே ஆறு மணி நேர வெளிச்சம். அதையும் சுவர் வைத்து அடைப்பார்களா? விடிந்ததா இல்லையா என்றே தெரியாமல் பத்து நாள் எழுந்து பாருங்கள், அப்போது புரியும். அதோடு, டிசம்பரில் அந்த ஊரின் அழகே ஜன்னல்களில்தான் இருக்கிறது. ஏழு மெழுகுவத்தி விளக்கையும் காகித நட்சத்திரத்தையும் வீட்டுக்கு வீடு ஜன்னலில் ஏற்றி வைப்பார்கள். தெரு முழுக்க கார்த்திகை மாதிரி இருக்கும்.

விசித்திரமான இடங்களில் தங்கினாலும் ஜன்னலை விடாதீர்கள். அங்கே லாங்ஹோல்மன் தீவில் 1975 வரை சிறையாக இருந்த கட்டடத்தில் இப்போது ஹோட்டல் நடக்கிறது. 1888-இல் கட்டிய ஆஃப் சாப்மன் என்ற பாய்மரக் கப்பல், ஷெப்ஸ்ஹோல்மன் கரையில் 1949 முதல் தங்கும் விடுதி. கப்பலில் படுத்தாலும் வட்டமாக ஒரு கண்ணாடி வழியே தண்ணீரைப் பார்க்கலாம்.

சரி, பணம் மிச்சமாக வேண்டும், அவ்வளவுதானே? தூரத்தில் மிச்சம் பிடியுங்கள். மெட்ரோவின் மூன்று பாதைகளும் ஊர் நடுவிலுள்ள டி-சென்ட்ராலன் ஸ்டேஷனில் வந்து சேருகின்றன. மகள் வீடு எந்தப் பாதையில் இருக்கிறதோ அதே பாதையில் நாலைந்து ஸ்டேஷன் தள்ளி, காலைச் சாப்பாடு வாடகையிலேயே சேர்ந்த இடமாகப் பாருங்கள். பழைய நகரமான கம்லா ஸ்தான் வேண்டாம். பனிக்காலத்தில் அந்தக் கல் பாவிய சந்துகளில் பெட்டியை இழுப்பது பெரும்பாடு. அப்புறம், முற்றத்துப் பக்க அறையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். தெருவைப் பார்த்த அறையாகக் கேளுங்கள், எதிர்வீட்டு நட்சத்திரம் தெரிய வேண்டும்.