தன்பாலினத் திருமணத்துக்கு மக்கள் ஆதரவு கூடினால் அது சட்டமாகிவிடுமா?

சட்ட ஏற்பு என்பது, ஒரே பாலினத்தவர் இருவரின் திருமணத்தை அரசு பதிவு செய்து, வாரிசுரிமை, குடும்ப ஓய்வூதியம் போன்றவற்றை அவர்களுக்கும் வழங்குவதாகும். மக்கள் கருத்து அதற்குத் துணைபுரியலாம். ஆனால் அதுவே சட்டமாகிவிடாது.

பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்கெடுப்பில், இந்தியர்களில் 53 விழுக்காட்டினர் ஆதரவாகவும் 43 விழுக்காட்டினர் எதிராகவும் கருத்துரைத்தனர். எனினும் அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் அடிப்படை உரிமையன்று என்றும், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை மாற்றுவது சட்டமியற்றும் அவைகளின் பொறுப்பு என்றும் ஒருமித்துக் கூறியது. கேரள எல்லையில், எங்கள் வாளையார்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும்: நிறுத்தத்தில் எத்தனை பேர் காத்து நின்றாலும், இரு மாநிலங்களும் பெர்மிட் கொடுத்தால்தான் புதிய தடத்தில் பேருந்து ஓடும். (கூட்டம் பெருகினால் பெர்மிட் சற்று விரைவாக வரலாம் என்பதும் உண்மைதான்.)

கணக்கெடுக்க வந்தவரிடம் ஆதரவு என்று சொல்பவர், தம் மகளே வந்து கேட்டால் என்ன சொல்வார் என்பது வேறு. ஆகவே அந்த 53-ஐ நான் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுவேன்.

2023 தீர்ப்பு இத்தகைய இணையர் சேர்ந்து வாழ்வதையே தடைசெய்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறில்லை, வயதுவந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு 2018 செப்டம்பர் 6 முதல் குற்றமன்று.