ஆட்டோகிராஃப் பக்கத்தை ஆல்பத்திலிருந்து வெட்டலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் பழைய ஆட்டோகிராஃப் ஆல்பம் வாங்கினேன். அதில் ஒரு பக்கத்தில் ‘இங்க் ஸ்பாட்ஸ்’ என்ற பழைய அமெரிக்க இசைக்குழுவின் பாடகர்கள் நால்வரின் கையெழுத்து இருக்கிறது. ஒரு தரகர், “அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி, குழுவின் படத்தோடு ஃபிரேம் போட்டு, சான்றிதழும் வாங்கி விற்றுத் தருகிறேன், விற்றதும் பணம்” என்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பக்கத்தை வெட்டவும் விடாதீர்கள். உங்கள் கையில் உள்ள பெரிய ஆதாரமே அந்த ஆல்பம்தான். முன்பின் பக்கங்களில் வேறு யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள், ஓரத்தில் தேதியோ தியேட்டர் பெயரோ இருக்கிறதா, அட்டையின் உள்பக்கத்தில் சொந்தக்காரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் சேர்ந்துதான் கையெழுத்து எப்போது, எங்கே வாங்கப்பட்டது என்று சாட்சி சொல்லும். வெட்டிவிட்டால் அது வெறும் துண்டுச் சீட்டு. ஃபிரேமுக்குள் போனபின் மறுபக்கத்தை யாரும் பார்க்க முடியாது. அசலை எடுத்துக்கொண்டு வேறொரு தாளை ஃபிரேம் போட்டுத் தந்தாலும் உங்களுக்குத் தெரியாது. லேமினேஷன் என்றால் இன்னும் மோசம், அதைப் பிரிக்கவே முடியாது.

இப்போது பெயர்களைப் படியுங்கள். பில் கென்னி, டீக் வாட்சன், சார்லி ஃபுக்வா, ‘ஹாப்பி’ என்கிற ஆர்வில் ஜோன்ஸ் ஆகிய நால்வரும் இருந்தால் காலம் தானாகவே குறுகிவிடும். கென்னி குழுவில் சேர்ந்தது 1936. ஃபுக்வா 1943-இல் ராணுவத்துக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள், 1944 அக்டோபரில், ஜோன்ஸ் இறந்துவிட்டார். ஆக, இந்த நால்வரும் ஒரே பக்கத்தில் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால் அது 1936-க்கும் 1943-க்கும் இடையில்தான். ‘கென்னி’க்கு முன்னால் என்ன எழுத்து என்றும் கவனியுங்கள். பில்லின் சகோதரர் ஹெர்ப் கென்னி 1945-இல் குழுவுக்கு வந்தவர். அவர் பெயர் இருந்தால் பக்கம் 1945-இலோ அதற்குப் பிறகோ எழுதியது. பொய் என்று பொருளல்ல, விலைதான் குறையும். அசல் குழு கலைந்த 1954-க்குப் பிறகோ அதே பெயரை வைத்துக்கொண்டு எத்தனையோ குழுக்கள் ஊர் ஊராகப் பாடின. அவர்களும் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்தது பேனா. அமெரிக்கக் கடைகளில் பால்பாயிண்ட் பேனா விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். ஆகவே ஜோன்ஸின் கையெழுத்து பால்பாயிண்டில் இருந்தால் அது அவர் போட்டதே அல்ல. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வாங்கிப் பாருங்கள். மை ஊற்றும் பேனாவில் எழுதியது தாளின் நாரில் ஊறி, ஓரங்கள் லேசாகப் பரவியிருக்கும். பால்பாயிண்டில் உருண்ட தடம் பள்ளமாகத் தெரியும், வளைவுகளுக்குப் பிறகு மை திட்டாக ஒட்டியிருக்கும்.

பென்சில் கையெழுத்தை மட்டும் அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். பென்சில் என்றாலே மதிப்பில்லை என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். மேடை வாசலில் நின்ற ரசிகரிடம் பென்சில்தான் இருந்திருக்கும், அதைத்தான் நால்வரிடமும் நீட்டியிருப்பார். நால்வரும் ஒரே பென்சிலிலோ ஒரே பேனாவிலோ எழுதியிருப்பது குறையே இல்லை. ஒரே கை எழுதியிருந்தால்தான் குறை. மை வெளுப்பதுபோலப் பென்சில் கரி வெளுக்காது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஈயம் போல மினுங்கும், அழுத்தி எழுதிய இடம் தாளின் மறுபக்கத்தில் மேடாகத் தெரியும். அழிந்துபோகுமே என்று மேலே மையால் எழுதிவிட்டால் போச்சு, பக்கத்தின் மதிப்பே போய்விடும். சிறுவயதில் ஆல்பம் வைத்திருந்தவர்களே பின்னாளில் அப்படி எழுதியிருக்கலாம். ஆகவே மைக்கோட்டுக்கு அடியில் பென்சில் தடம் இருக்கிறதா என்றும் லென்ஸில் பாருங்கள்.

புற ஊதா விளக்கும் உதவும். தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்ந்தது 1950 வாக்கில். இருட்டறையில் தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது 1940-களின் தொடக்கத்துத் தாளாக இருக்க முடியாது. ஒளிராவிட்டால் அசல் என்றும் ஆகிவிடாது. பழைய வெற்று ஆல்பத் தாளை வாங்கி, மைப் பேனாவில் புதிதாகப் போலி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் மை, தாளின் பழைய மடிப்பு வெடிப்புக்குள் கசிந்திருக்கும்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். விற்கிறவரே அச்சடித்துத் தரும் சான்றிதழ், அந்தத் தாளின் விலைகூடப் பெறாது. தனி நிறுவனங்கள் தருவதும் ‘எங்கள் கருத்து’ மட்டுமே. தவறென்று பின்னால் தெரிந்தால் அவர்கள் உங்களுக்குப் பணம் தரப்போவதில்லை. மேடையில் பழைய குழுவின் பெயரைச் சொல்லி ஏய்த்துப் பாடுவதைத் தடுக்க, 2005-இல் பென்சில்வேனியாவில் தொடங்கி உங்கள் நியூ ஜெர்சி உட்படப் பல மாநிலங்களில் சட்டம் வந்தது. அது நிகழ்ச்சிகளுக்குத்தான், அதுவும் அரை நூற்றாண்டு தாமதமாக. அதே பெயரில் கைமாறும் கையெழுத்தை வாங்கியவன் ஏமாந்தால் பெரும்பாலும் தானே வழக்குப் போட்டு அலைய வேண்டும். எனவே சான்றிதழுக்குச் செலவழிக்கும் முன் மேலே சொன்ன சோதனைகளை முடித்துவிடுங்கள். அதில் தேறாததற்குக் கட்டணம் கட்டுவது வீண்.

எல்லாம் தேறினால், இசைப் பொருட்களை ஏலம் விடும் நிறுவனத்துக்கு முழு ஆல்பத்தையும் 600 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து படங்களை மட்டும் முதலில் அனுப்புங்கள். விலையை இணையத்தில் கேட்கும் தொகையை வைத்துக் கணக்கிடாதீர்கள். விற்று முடிந்த தொகையைத் தேடுங்கள். ஒப்பந்தத்தில் விற்பவர் கமிஷன் எத்தனை சதவீதம், குறைந்தபட்ச விலை என்ன, காப்பீடு யார் பொறுப்பு, விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் என்ற ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘விற்றதும் தருகிறேன்’ என்ற வாய்ச்சொல்லில் இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

அனுப்பும்போது ஆல்பத்தை அமிலமில்லாத தாளில் சுற்றி, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியில் போடுங்கள். செலோடேப் எந்தப் பக்கத்திலும் படக்கூடாது. அமெரிக்கத் தபால்துறையின் பதிவுத் தபாலில் 50,000 டாலர் வரை காப்பீடு செய்யலாம். மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒவ்வொரு கை மாறும்போதும் கையொப்பம் வாங்குவார்கள்.