இரவல் பாட்டும் சொந்தக் குரலும்

அன்புள்ள அண்ணா,

உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். ஐந்து பேர் கொண்ட எங்கள் றொக் குழுவில் நான் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் வாசிப்போம். மற்ற மாதங்களில் சொந்தப் பாட்டுகளில் வேலை செய்வோம். இதுவரை எட்டுப் பாட்டு தேறியிருக்கிறது. எட்டும் எங்கள் பாடகன் எழுதி மெட்டுப் போட்டவை.

போன மாதம் அவன் தனியாகவும் பாடப்போவதாகச் சொன்னான். முதலில் ஐந்து பாட்டு வெளியிடப் போகிறானாம். ஐந்தும் மற்றவர்களுடையவை. பழைய சினிமாப் பாட்டு இரண்டு, ஈழத்துப் பொப் பாட்டு ஒன்று, பாரதி ஒன்று, ஆங்கிலம் ஒன்று. குழுவை விடவில்லை என்கிறான். ஆனாலும் எங்கள் ட்ரம்ஸ்காரன் அவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டான். எனக்கும் மனம் சரியில்லை. "நாங்கள் அடுத்தவன் பாட்டைப் பாடுகிற கோஷ்டி இல்லை" என்று இத்தனை காலம் சொல்லித் திரிந்தோம். இப்போது அவனே அதைச் செய்கிறான். தனியே போவதென்றால் சொந்தப் பாட்டோடு போகலாமே? இரவல் பாட்டில் பெயரெடுப்பது ஒரு பாடகனுக்கு அழகா? இது குழுவுக்குச் செய்யும் துரோகம் என்று நான் நினைப்பது பிழையா?

ஒரு வாசகர், திருகோணமலை

*

அன்புள்ள தம்பி,

துரோகம் என்பது பெரிய சொல். உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். எட்டுப் பாட்டும் அவர் எழுதியவை என்கிறீர்கள். தன் பெயரை மட்டும் வளர்க்க நினைக்கிறவர் என்ன செய்வார்? இனி எழுதும் பாட்டுகளை உங்களிடம் காட்டாமல் தனக்கென்று ஒதுக்கி வைப்பார். அப்படிச் செய்தால் கொஞ்சக் காலத்திலேயே உங்கள் குழு வற்றிவிடும். எழுதுகிறவர் கையை மூடிக்கொண்டால் மற்ற நால்வரும் எதை வாசிப்பீர்கள்? அவர் அதைச் செய்யவில்லை. தனக்கு வேண்டிய பாட்டை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டு, குழுவின் பாட்டைக் குழுவுக்கே விட்டிருக்கிறார். எனக்கு இதில் துரோகம் தெரியவில்லை. ஒரு குழுவின் பாடகர் தனியே இறங்குவதற்கு இதைவிட நாகரிகமான வழி இருப்பதாகவும் தோன்றவில்லை.

1973இல் இதே நிலையில் இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். றொக்சி மியூசிக் குழுவின் பாடகர் பிரையன் ஃபெரி. அந்தக் குழுவின் முதல் இரண்டு இசைத்தட்டுகளிலும் எல்லாப் பாட்டையும் எழுதியவர் அவர்தான். அந்த ஆண்டு ஒக்டோபரில் அவருடைய முதல் தனி இசைத்தட்டு வந்தது. அதில் அவர் எழுதியது ஒரு பாட்டுக்கூட இல்லை. முப்பதுகளில் வந்த ஒரு காதல் பாட்டு இருந்தது. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பீச் பாய்ஸ் ஆகிய குழுக்கள் பாடியவை இருந்தன. தொடக்கப் பாட்டு அமெரிக்கப் பாடகர் பொப் டிலனுடையது. இரண்டாவது குழுத்தட்டு வெளியாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எழுதச் சரக்கு இல்லாமல் போனதால் அவர் இப்படிச் செய்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் அடுத்த மாதமே, நவம்பரில், றொக்சி மியூசிக்கின் மூன்றாவது இசைத்தட்டு வந்து பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது. எழுதியதைக் குழுவுக்குக் கொடுத்தார். தனக்கென்று எடுத்துக்கொண்டது தான் நேசித்துக் கேட்ட பாட்டுகளை.

இன்னொரு விஷயத்தை உங்கள் ட்ரம்ஸ்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஃபெரியின் அந்தத் தனி இசைத்தட்டில் ட்ரம்ஸ் வாசித்தவர் போல் தொம்சன். றொக்சி மியூசிக்கின் ட்ரம்ஸ்காரரே அவர்தான். அப்போது குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த எடி ஜொப்சனும் அதில் வாசித்திருக்கிறார்.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. றொட் ஸ்ருவர்ட் ஃபேசஸ் என்ற குழுவில் பாடிக்கொண்டே தனி இசைத்தட்டுகளும் வெளியிட்டார். 1971இல் அவரே சேர்ந்து எழுதிய 'மேகி மே' தனிப்பாட்டாக வந்து அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடத்துக்குப் போனது. அதற்குப் பிறகு சில நிகழ்ச்சிகளுக்கு 'றொட் ஸ்ருவர்ட்டும் ஃபேசஸும்' என்றே விளம்பரம் செய்தார்கள். குழுவின் மற்றவர்களை அவருடைய துணை வாத்தியக்காரர்களைப் போலச் சனங்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். 1973இல் குழுவில் பேஸ் வாசித்த றொனி லேன் விலகினார். 1975இல் குழு கலைந்தது. அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குழுவை நோகடிக்கக் கூடியது எது என்று இதில் தெரிகிறது. பாடகர் அடுத்தவர் பாட்டைப் பாடியதால் அவர்களுக்கு நோகவில்லை. அவருடைய சிறந்த சொந்தப் பாட்டு குழுவுக்கு வெளியே போனது, சுவரொட்டியில் அவருடைய பெயர் தனியே மேலே ஏறியது. நோவு அங்கேதான்.

சரி, இரவல் பாட்டு அழகா என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

கோணேசர் கோயிலுக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் உங்களுக்குத் தெரியும். 'நிரைகழல் அரவம்' என்று தொடங்குவது. பண் புறநீர்மை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதைப் பாடுகிற ஒருவரையும் நாங்கள் இரவல் பாட்டுக்காரர் என்று சொன்னதில்லை. கர்நாடக இசையில் ஒரு வித்துவான் மேடையில் பாடுவதில் பெரும்பங்கு தியாகராஜரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் எழுதி வைத்தவை. எம்.டி. ராமநாதன் கீழ்க்குரலில் மிக நிதானமாகப் பாடினார். ஜி.என்.பி. மின்னல் வேகப் பிருகாக்களோடு பாடினார். இருவரும் அதே கீர்த்தனைகளைத்தான் பாடினார்கள். பாட்டை உண்டாக்குவதைப் போலவே பாடுவதையும் தனிக் கலையாக மதித்த மரபு எங்களுடையது. பாடுகிறவரே எழுதியும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பீட்டில்ஸ், டிலன் காலத்தில்தான் றொக் இசைக்குள் இவ்வளவு பலமாக வந்தது. அந்த டிலனின் 1962ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டில்கூடப் பதின்மூன்று பாட்டில் இரண்டுதான் அவர் எழுதியவை.

பிறகு ஏன் 'அடுத்தவன் பாட்டு' என்றதும் உங்களுக்கு முகம் சுளிக்கிறது? காரணம் எங்கள் திருவிழா மேடைகள் என்று நினைக்கிறேன். "இதோ ரி.எம்.எஸ். குரலில்", "இதோ எஸ்.பி.பி. குரலில்" என்று அறிவிப்பாளர் அறிமுகப்படுத்துவார். அச்சொட்டாக அப்படியே இருந்தால் கைதட்டல். இசைத்தட்டில் கேட்ட மாதிரியே பாடினான் என்பதற்கு மேல் ஒரு பாராட்டு அங்கே கிடையாது. அந்தப் பாடகர்களின் உழைப்பை நான் மனதார மதிக்கிறேன். மின்சாரம் இல்லாத காலங்களில் ஜெனரேற்றரை ஓடவிட்டு, விடிய விடியச் சனங்களைச் சந்தோசப்படுத்தியவர்கள் அவர்கள். ஆனால் அங்கே பாடகரின் வேலை தன் குரலை மறைப்பது. உங்கள் நண்பர் செய்யப்போகும் வேலை அதற்கு நேர் எதிரானது, மிகக் கடினமானதும் கூட. உங்கள் எட்டுப் பாட்டையும் அவர் பாடும்போது ஒப்பிட யாரும் இல்லை. அவர் பாடினதுதான் பாட்டு. சினிமாப் பாட்டைத் தொட்ட உடனே கேட்கிற ஒவ்வொருவரின் காதுக்குள்ளும் மூலப் பாடகர் பாட ஆரம்பித்துவிடுவார். அவரைத் தாண்டி இவருடைய குரல் கேட்க வேண்டும். ஒரு பாடகர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளக்கூடிய பரீட்சைகளில் இதைவிடக் கடுமையான ஒன்றை நான் அறியேன்.

தேறியவர்கள் எப்படித் தேறினார்கள்? ஜோ கொக்கர் 1968இல் ஒரு பீட்டில்ஸ் பாட்டை எடுத்தார். மூலத்தில் றிங்கோ ஸ்டார் நண்பர்களோடு சேர்ந்து பாடுவது போல இலகுவாகப் பாடியிருப்பார். கொக்கர் தாளத்தையே மாற்றி, வேகத்தை இறக்கி, பின்னால் பெண்குரல்களை நிறுத்தி, உதவி கேட்டுக் கதறும் ஒரு மனிதனின் பாட்டாக்கினார். சொல் பெரும்பாலும் அதேதான். ஜோனி காஷ் 2002இல், எழுபது வயதில், ஓர் இளைஞர் 1994இல் வெளியிட்ட பாட்டைப் பாடினார். நடுங்கும் குரலில் அது முதியவர் ஒருவரின் வாழ்நாள் கணக்காக மாறிவிட்டது.

ஃபெரியிடம் எனக்கு மிகப் பிடித்தது வேறு ஒன்று. லெஸ்லி கோர் என்ற பெண் 1963இல் பாடிய பாட்டு, தன் பிறந்தநாள் விருந்திலேயே காதலன் வேறொருத்தியோடு போய்விட்டதால் அழும் சிறுபெண்ணின் பாட்டு, அந்தத் தனி இசைத்தட்டில் இருக்கிறது. ஃபெரி காதலனைக் காதலியாக மாற்றவில்லை. சொற்களை அப்படியே வைத்து ஆண்குரலில் பாடினார். அந்த நாட்டவருக்கு அது விசித்திரமாக இருந்திருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. நம்மாழ்வார் தன்னைப் பெண்ணாகப் பாவித்துப் பராங்குச நாயகியாக உருகியிருக்கிறார், பாரதி கண்ணனைக் காதலனாக்கிப் பாடியிருக்கிறார். உங்கள் நண்பர் எடுத்த சினிமாப் பாட்டு இரண்டில் ஒன்று பெண்குரல் பாட்டாக இருந்தால் வரிகளைத் திருத்தாமலே பாடச் சொல்லுங்கள்.

எந்தப் பாட்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈழத்துப் பொப் பாட்டு ஒன்று இருக்கிறது என்றீர்கள். அதை இறுதியில் ஒப்புக்கு வைக்காமல் முதல் பாட்டாக வைக்கலாமே. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் எங்கள் ஊர்ப் பரமேஸ்–கோணேஸ் சகோதரர்களும் கிற்றாரைக் கையில் எடுத்து, இந்த மண்ணின் பேச்சில் பாடினார்கள். பாலையூற்றுப் பறங்கியர் வீடுகளில் கப்பிரிஞ்ஞா, பைலா என்ற ஆட்டப் பாட்டுகள் கேட்ட ஊர் இது. உங்கள் குழுவுக்கு முன்னோர் இங்கேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பாட்டுகள் இப்போது சுற்றுலா பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கைதட்டிப் பாடுவதற்கு மட்டும் என்றாகிவிட்டன. நித்தியின் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'யை எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கிறவனைத் தடுக்கிற பாட்டு அது. ஆனால் குடிக்கிற இடத்தில்தான் அதிகம் பாடுகிறார்கள். வேகத்தைப் பாதியாக்கி, ஒரு கிற்றாரும் உங்கள் பேஸும் மட்டும் வைத்து, வீட்டில் காத்திருப்பவளின் மனநிலையில் நின்று உங்கள் பாடகர் பாடினால் எப்படி இருக்கும்? சனங்கள் அந்த வரிகளை முதல்தடவை கேட்பது போலக் கேட்பார்கள் என்று நம்புகிறேன். எனக்கு அதைக் கேட்க மிகுந்த ஆசை.

அப்புறம், உரிமை விஷயம். இதில் கவனமாக இருங்கள். புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் அந்தப் பதிவு உங்கள் நண்பருடையது. வரியும் மெட்டும் அப்போதும் எழுதியவர், இசையமைத்தவர் அல்லது அவர்களிடம் உரிமை வாங்கியவர்களுடையதுதான். 2017இல் இளையராஜா தன் பாட்டுகளை மேடையில் பாட அனுமதி வேண்டும் என்று எஸ்.பி.பி.க்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அந்தப் பாட்டுகளுக்குக் குரலாக இருந்தவருக்கே அந்த நிலை என்றால் உங்களுக்கும் எனக்கும் எம்மாத்திரம். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியோர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை இருக்கும். யூடியூப்பில் மெட்டை வைத்தே கண்டுபிடித்து விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடவோ காணொளியை முடக்கவோ முடியும். ஆகவே சினிமாப் பாட்டு இரண்டுக்கும் ஆங்கிலப் பாட்டுக்கும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். பாரதி விஷயத்தில் சிக்கல் குறைவு. அவருடைய பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை அரசு வாங்கியது, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. ஆனால் சினிமாவில் வந்த மெட்டை எடுத்தால் அது இசையமைப்பாளருடையது. உங்கள் பாடகர்தான் மெட்டுப் போடுகிறவராயிற்றே, பாரதிக்குத் தானே புதிதாகப் போடட்டும். ஈழத்துப் பாட்டுக்கு, பாடியவரிடமோ குடும்பத்தாரிடமோ நேரில் கேட்டு, அவர்கள் பெயரைக் காணொளியில் முதலில் போடுங்கள். பணம் கேட்டால் கொடுங்கள்.

குழுவுக்குள் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஐவரும் ஒருநாள் உட்கார்ந்து கதையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை குழுவுக்குத்தான் முதல் உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கி ஹோட்டல்கள் வெறிச்சோடும் மாதங்களில் அவர் தன் பாட்டுகளை வெளியிடட்டும். ஹோட்டல் விளம்பரத்தில் குழுவின் பெயர் மட்டுமே இருக்கட்டும், எவ்வளவு பிரபலமானாலும். குழு மேடையில் அவருடைய தனிப் பாட்டுகள் வேண்டாம். புதிதாக எழுதுவதை முதலில் குழுவுக்குக் காட்டுவேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லட்டும். ட்ரம்ஸ்காரருக்கு வேண்டியது அந்த ஒரு வாக்குறுதியாகத்தான் இருக்கும் என்று படுகிறது.

அந்த ஐந்து பாட்டுக்கும் கணினியில் செய்த கரோக்கி இசையைப் பின்னால் ஓடவிடப் போகிறாரா என்று கேளுங்கள். அப்படியென்றால் தடுத்து நிறுத்துங்கள். அந்த இசை மூலத்தைப் போலவே செய்யப்பட்டது, அவரை மூலத்தைப் போலவே பாட வைத்துவிடும். நீங்கள் பேஸை எடுத்துக்கொண்டு ட்ரம்ஸ்காரரையும் கூட்டிக்கொண்டு போய், நாங்கள் வாசிக்கிறோம் என்று சொல்லுங்கள். பதிவு முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணா