மூன்று மாதம் வரை காத்திருக்க வேண்டாம்

புதிதாக வந்த ஏழு வாரப் பூனைக்குட்டிக்கு எப்போது தடுப்பூசி போடுவது என்று தொடங்கி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது ஒன்றுதான்: போன மாதம் இரண்டே நாளில் வாந்தி எடுத்து இறந்த குட்டியைப் போல இதுவும் போய்விடுமோ? இறந்த குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு, ஆனால் குடிக்காமல் உட்கார்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வந்தது பெரும்பாலும் பான்லுக்கோபீனியாதான். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோயைப் போலப் பூனைகளுக்கு வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம்கூடத் தங்கும்.

அதனால் ஏழு வாரக் குட்டியை நாளைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மூன்று மாதம் ஆகட்டும் என்று பக்கத்து வீட்டில் சொன்னது ரேபீஸ் ஊசிக்குப் பொருந்தும். அது 12 வாரத்தில். பான்லுக்கோபீனியாவும் இரண்டு சளி வைரஸ்களும் சேர்ந்த தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். அப்புறம் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும்வரை. ஒரே ஊசி போதாதா என்றால், போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உள்ளே இருக்கும்வரை ஊசியை வேலை செய்யவிடாது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால் 16 வாரத்து ஊசியைத் தவறவிடாதீர்கள்.

வீட்டைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். இந்த வைரஸுக்கு அதை நம்ப முடியாது, பூனைக்கோ அது விஷம். பழைய துணி, குட்டி மலம் கழித்த மண் தட்டு எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச் கரைசலைப் பத்து நிமிடம் ஈரமாக விட்டு, அலசிக் காயவையுங்கள். அதுவரை குட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

ஊசி போட்ட அன்று தூங்கி வழிவதும், அந்த இடத்தில் சின்னதாக வீங்குவதும் சாதாரணம். ஊசியால் புற்றுநோய் என்று நீங்கள் பார்த்த வீடியோ மிக மிக அரிதான ஒன்றைப் பிடித்துக்கொண்டு பயமுறுத்துகிறது, விடுங்கள். ஆனால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம் என்று ஒரு வீடியோ சொல்கிறதாமே, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தைச் சமாளிக்க முடியாது. ஒரு வேளை மருந்தே கொன்றுவிடும்.

இந்தக் குட்டியும் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தருகே சுருண்டால், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். சீக்கிரம் டிரிப்ஸ் ஏற்றிப் பிழைத்த குட்டிகள் உண்டு. நாளை போகும்போதே முந்தைய குட்டி இறந்ததை வாசலில் சொல்லிவிடுங்கள், மற்ற பூனைகளோடு உட்காரவைக்க மாட்டார்கள்.