36 மீட்டர் தள்ளி நிற்கும் சிப்பாய்

கேள்வி: சார், நான் காட்பாடியில் இருக்கிறேன். பொறியியல் மூன்றாம் ஆண்டு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மேஜைமேல் ஆடும் சிறுபடைச் சண்டை விளையாட்டு ஆரம்பித்திருக்கிறோம். ஆளுக்குப் பத்து வீரர்கள். எல்லாம் ரெசினில் த்ரீடி பிரின்ட் எடுத்த 28 மி.மீ. பொம்மைகள், இன்றைய இந்திய ராணுவச் சாயலில். மொட்டை மாடியில் வைத்து ஸ்ப்ரே பிரைமர் (பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்ததில் இரண்டு பொம்மைகள் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஆகிவிட்டன. மூன்றாவதுக்கு, புதிய சீருடையின் டிஜிட்டல் கேமோவை, அதாவது ஆளை மறைக்கும் கட்டம் கட்டமான திட்டு நிறங்களை, போனில் பெரிதாக்கிப் பார்த்துப் புள்ளி புள்ளியாக வைத்தேன். அவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த ரெஜிமென்ட்டுடா, சொறி ரெஜிமென்ட்டா?" என்று கேட்டார். மீதி ஏழையும் தொடவே பயமாக இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?
– பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: தம்பி, முதலில் தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொன்னது சரிதான். ஏன் சரி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

28 மி.மீ. பொம்மை என்பது நிஜ ஆளில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. துணியில் 1 செ.மீ. அகலம் உள்ள ஒரு கட்டம், பொம்மைமேல் 0.17 மி.மீ.தான் இருக்க வேண்டும். இரண்டு தலைமுடியை ஒட்டி வைத்த அகலம். எந்தப் பிரஷாலும் அதை வைக்க முடியாது. நீங்கள் வைத்த புள்ளி எப்படியும் அரை மி.மீ. இருந்திருக்கும். அறுபதால் பெருக்குங்கள்: 3 செ.மீ. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டங்களை ஒருவர் சட்டை, பேன்ட் முழுக்க அப்பிக்கொண்டு வந்தால் தாத்தா வேறு என்ன சொல்வார்?

இன்னொரு கணக்கும் போடுங்கள். விளையாடும்போது உங்கள் கண்ணுக்கும் பொம்மைக்கும் நடுவே 60 செ.மீ. இருக்கும். அதையும் அறுபதால் பெருக்கினால் 36 மீட்டர். அதாவது மேஜையில் நீங்கள் பார்ப்பது, 36 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு சிப்பாயை. ஒருநாள் சாயங்காலம் வேலூர்க் கோட்டை மைதானத்துக்கு ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு போய், ஐம்பது எட்டு தள்ளி நிற்கச் சொல்லிப் பாருங்கள். சட்டைப் பட்டன் தெரியாது. கண் தெரியாது. உடம்பின் வடிவம் தெரியும். அக்குளிலும் துணி மடிப்பிலும் நிழல் தெரியும். முகமும் கையும் துணியிலிருந்து பிரிந்து தெரியும். துப்பாக்கி ஒரு கறுத்த கோடாகத் தெரியும். கேமோ? ஏதோ திட்டுத்திட்டாகக் கலங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். நீங்கள் வரைய வேண்டியது அந்தக் கலங்கலைத்தான், போனில் பெரிதாக்கிய துணியை அல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கேமோவின் வேலை ஆளை மறைப்பது. உங்கள் வேலையோ ஆளைக் காட்டுவது. ஆளுக்குப் பத்து வீரர்கள் மட்டும் இறங்கும் ஆட்டத்தில் எல்.எம்.ஜி., அதாவது இலகு இயந்திரத் துப்பாக்கி, யாரிடம் இருக்கிறது, தலைவன் யார் என்று மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கேமோவை அச்சு அசலாகப் போட்டீர்கள் என்றால் பத்துப் பேரும் ஒரே பச்சை உருண்டையாகிவிடுவார்கள்.

சரி, பிரைமருக்கு வருவோம். எத்தனை மணிக்கு அடித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மத்தியானமாகத்தான் இருக்கும். ஸ்ப்ரேயிலிருந்து கிளம்பும் துளி பொம்மைமேல் ஈரமாக விழுந்து பரவினால்தான் வழவழப்பாக வரும். சும்மாவா நம் ஊரை வெயிலூர் என்கிறார்கள். கத்திரியில் 40 டிகிரி தாண்டும்போது அந்தத் துளி பாதி வழியிலேயே காய்ந்து, தூளாகித்தான் போய்ச் சேரும், கோலமாவைத் தூவியது போல. விடிகாலையில், ஆறரை மணிக்குள், காற்று வீசாத மூலையில் அடியுங்கள். டப்பாவை முழுசாக இரண்டு நிமிடம் குலுக்கிவிட்டு 20, 25 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். பொம்மைக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, மேலே ஓட்டி, தாண்டிப் போன பிறகு விரலை எடுங்கள். ஒரே தடவையில் மூட வேண்டியதில்லை. டப்பாவை மாடி வெயிலில் மறந்து வைத்துவிடாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறும். பைக் பெயின்ட் கடையில் கிடைக்கும் பிரைமர் ஸ்ப்ரே மலிவுதான், ஆனால் தடிப்பாக விழுந்து முக அமைப்பை மூடிவிடும். ஸ்ப்ரேயே வேண்டாம் என்றால் பிரஷால் தடவும் பிரைமர் இருக்கிறது. நேரம் பிடிக்கும், ஆனால் வெயில், மழை எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

சொரசொரத்த இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள். உலர்ந்த பழைய டூத் பிரஷால் தேய்த்தால் தூள் பாதி உதிரும். மிச்சம் இருப்பதைப் புழுதியாக மாற்றிவிடலாம்.

ரெசின் என்று எழுதியதால் ஒன்று கேட்கிறேன்: தொட்டால் பிசுபிசுக்கிறதா? அப்படியென்றால் பிரின்ட் எடுத்தவர் சரியாகக் கழுவவில்லை. பெயின்ட் ஏறும் முன்பே, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெயிலில் வையுங்கள். ரெசினை இறுக வைப்பது புற ஊதாக் கதிர், அது நம் ஊரில் இலவசம். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது.

இனி பெயின்ட். வெளிநாட்டு அக்ரிலிக் பாட்டில்கள் நன்றாகத்தான் இருக்கும், விலையும் அப்படியே இருக்கும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கேம்லின் அக்ரிலிக் ட்யூப்களை வைத்தே பழகலாம். தண்ணீர் கலந்து, பால் பதத்தில், இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பீங்கான் தட்டில் ஊற்றி வைத்தால் இந்தச் சூட்டில் இரண்டு நிமிடத்தில் தோல் கட்டிவிடும். பழைய ஸ்வீட் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சை விரித்து, மேலே கேக் வேகவைக்கப் போடும் பேக்கிங் பேப்பரைப் போடுங்கள். அதன்மேல் வைத்த பெயின்ட் மணிக்கணக்காக ஈரமாகவே இருக்கும். மெழுகு பூசிய பேப்பர் வேண்டாம், ஈரத்தை மேலே விடாது. ஃபேனுக்கு நேர் கீழே உட்காராதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் மே மாதத்தில் அதை நானே கடைப்பிடிப்பதில்லை.

பிரஷ் பற்றி ஒரே வார்த்தை: மூன்று சைபர் போட்ட ஊசி பிரஷை வாங்காதீர்கள். அதில் பெயின்ட் நிற்காது, நுனி பொம்மையைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். நுனி கூராக இருக்கும் நம்பர் 1 போதும்.

முதல் மூன்று பொம்மைகளுக்குக் கேமோவே வேண்டாம். தாத்தா காலத்து ஓ.ஜி., அதாவது ஒரே ஆலிவ் பச்சை, அதைப் போடுங்கள். சேப் கிரீனில் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) கொஞ்சம், யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்) துளி. பூச்சு காய்ந்ததும் பர்ன்ட் அம்பரைத் தண்ணீராகக் கரைத்து மடிப்புகளில் ஓடவிடுங்கள். குளம் கட்டும் இடத்தில் பிரஷை உலர்த்தி உறிஞ்சி எடுங்கள். அப்புறம் மேடான இடங்களுக்கு அதே பச்சை. கடைசி வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்க்காதீர்கள், சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும். ஓக்கரைச் சேர்த்து வெளிற வையுங்கள்.

எங்கே வெளிற வைப்பது என்பதற்குத்தான் தாத்தா வேண்டும். துவைத்துத் துவைத்து, வெயிலில் காய்ந்து, எந்த இடம் முதலில் வெளுக்கும் என்று அவருக்குத் தெரியும். தோள்பட்டை, முழங்கை, முட்டி. ஒரே செக்‌ஷனில் ஒருவன் சட்டை புதுசாகக் கரும்பச்சையாக இருக்கும், அடுத்தவன் சட்டை சாயம் போயிருக்கும். பத்துப் பேருக்கும் ஒரே பாட்டில் பச்சையை அடித்தால் பொம்மைக்கடைப் பொம்மை. இரண்டு பேருக்கு ஓக்கர் கொஞ்சம் கூடுதலாகக் கலந்தால், எங்கேயோ இருந்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள்.

அது கைக்கு வந்த பிறகு புதிய கேமோ. 2022 ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பில் முதலில் வெளியே வந்த, நிஃப்ட் (தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம்) வடிவமைத்த சீருடையைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள். அதற்கு நான் செய்வது இது: அடி நிறம், வெளிறிய மண் கலந்த பச்சை. மேலே சொன்ன மாதிரி நிழலையும் வெளிச்சத்தையும் முதலிலேயே முடித்துவிடுவேன். அதன்மேல் கரும்பச்சையில் சின்னச் சின்னக் கீற்றுகள், படுக்கைவாட்டில், ஒன்று நீளம் ஒன்று குட்டை, துணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். பிறகு பழுப்பு, அதைவிடக் குறைவாக, சில இடங்களில் பச்சையின்மேல் ஏறியபடி. ஓரங்களில் மட்டும் வெளிர்மண் நிறத்தில் நாலைந்து தொடுப்பு. வட்டமாக வைக்காதீர்கள். பிரஷ் நுனியைப் பக்கவாட்டில் லேசாக இழுத்தால் கட்டம் போன்ற விளிம்பு தானாக வரும். ஆழமான மடிப்புக்குள் போகவே வேண்டாம். கையை நீட்டி, பொம்மையைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். புள்ளி தனித்தனியாகத் தெரிந்தால் அடி நிறத்தை மெலிதாகக் கரைத்து ஒரு பூச்சுக் கொடுங்கள், எல்லாம் ஒன்றோடு ஒன்று அமுங்கும்.

மார்புக் கவசம், பைகள், ஹெல்மெட் இவற்றில் கேமோ போடாமல் விட்டால் பாதிப் போர் வென்ற மாதிரி. ஒரே நிறமாக, துணியைவிட ஒரு படி இருட்டாக வையுங்கள். துப்பாக்கிக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம். கருஞ்சாம்பல் அடித்து, விளிம்பில் மட்டும் வெளிர்சாம்பல் ஒரு இழுப்பு. பூட்ஸ் எங்கே தேயும் என்று ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மூக்கிலும் குதிகாலிலும்.

முகம்தான் எனக்குப் பிடித்த வேலை. வெளிநாட்டு பாட்டிலில் சதை நிறம் என்று போட்டு வருவது ரோஜா நிறம், அதை அடித்தால் கம்பெனி காலத்துத் துரை மாதிரி நிற்பான். பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) ஓக்கரும் சமபங்கு, அம்பர் துளி. மூக்கு நுனி, கன்னம், தாடை, விரல் முட்டிகளில் ஓக்கர் கூடிய வெளிச்சம். மதராஸ் ரெஜிமென்ட் என்று வைத்துக்கொண்டால் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் கலந்து நிற்கும், ஆகவே கலவையை மூன்று விதமாகச் செய்து பத்துப் பேருக்கும் பிரித்துக் கொடுங்கள். அப்புறம் சிற்பிகள் கடைசியில் கண் திறப்பார்கள் இல்லையா, நீங்கள் திறக்காதீர்கள். 36 மீட்டரில் கண் தெரியாது. வெள்ளை வைத்தால் பத்துப் பேரும் பேயைப் பார்த்தவர்கள் போல முழித்துக்கொண்டு நிற்பார்கள். புருவத்துக்குக் கீழே ஒரு பழுப்புக் கோடு போதும்.

பேஸுக்கு, அதாவது பொம்மை நிற்கும் அடித்தட்டுக்கு, ஃபெவிகால் தடவி மணல். பாலாற்று மணலை அப்படியே கொட்டினால் 1 மி.மீ. குறுணை, சிப்பாயின் காலடியில் 6 செ.மீ. கல்லாகிவிடும். டீ வடிகட்டியில் சலித்துக் கீழே விழும் நைஸை மட்டும் எடுங்கள். புல்லை அள்ளி ஒட்ட வேண்டாம். நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று நம் ஊரைக் கேலி செய்வார்களே, அந்த நிலம்தான் இந்த ஆட்டத்துக்குச் சரியான பேஸ்: சாம்பல் பாறை, செம்மண், காய்ந்த புல் இரண்டு கொத்து. அந்தச் செம்மண் நிறத்தையே உலர்ந்த பிரஷில் எடுத்துப் பூட்ஸிலும் பேன்ட் கீழ்ப்பகுதியிலும் தட்டுங்கள். சொரசொரத்த இரண்டு பேருக்கும் இது இடுப்பு வரை ஏறலாம்.

வார்னிஷில் மட்டும் அவசரம் கூடாது. ஐப்பசி அடைமழையில் ஒரு சாயங்காலம், ஒரு வாரம் உட்கார்ந்து முடித்த ஆறு பேருக்கு மேட் ஸ்ப்ரே, அதாவது பளபளக்காத வார்னிஷ், அடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஆறு பேரும் விபூதி பூசிக்கொண்டு நின்றார்கள். ஈரக்காற்றில் மேட் வார்னிஷ் அப்படித்தான் வெளுக்கும். மேலே பிரஷால் பளபளப்பு வார்னிஷ் தடவியதில் நாலு பேர் தேறினார்கள். மழை நாளில் பிரஷ் வார்னிஷ்தான்.

தாத்தாவின் கிண்டலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளம்பியதற்குப் புதுத் தலைப்பாகையும், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவும் பெரிய காரணம். சீருடையில் கை வைத்தால் சும்மா விடுகிற ஊர் இல்லை இது. அடுத்த பொம்மையை அவரிடம் முடித்துக் காட்டாதீர்கள், பிரைமரோடு கொண்டுபோய்க் கொடுத்து, தண்ணீர் பாட்டிலை எந்தப் பக்கம் கட்டுவீர்கள் என்று கேளுங்கள். பதில் அரை மணி நேரத்துக்குக் குறையாது, பிரஷைக் கழுவி வைத்துவிட்டுப் போங்கள்.